பிரேக் போட்டதற்கு மார்க் குறைந்தது

மின்சார ரயில் திருத்தணியை விட்டுக் கிளம்பியதும், எதிர் சீட்டில் இருந்த பெண் போனைப் பார்த்துவிட்டு, "பிரேக் போட்டது தப்பாம், பாவா," என்றாள். சென்னையில் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறவள் என்று பேச்சில் தெரிந்தது. பக்கத்தில் அவளுடைய அக்கா கணவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா சொன்னது? போலீசா?"

"இல்லீங்க, இன்சூரன்ஸ்காரங்க குடுத்த ஆப். நான் எப்படி ஓட்றேன்னு பாத்து மார்க் போட்டுகினே இருக்குது. நல்லா ஓட்னா வருசத்துக்குக் கட்டற பணம் குறையும்னாங்க. இப்ப ஏத்திட்டாங்க."

"எங்க போட்ட பிரேக்கு?"

"பூந்தமல்லிகிட்ட. செம டிராபிக். ஒரு பொண்ணு கைக்கொழந்தையோட திடீர்னு குறுக்க வந்துடுச்சு. சடன் பிரேக் அழுத்திட்டேன்."

"ஐயோ, அடிபட்டுச்சா?"

"ஒண்ணும் ஆவல. கொழந்தை தூக்கத்துல இருந்து எழுந்துக்கக்கூட இல்ல."

அவர் கடலை உரிப்பதை நிறுத்தினார்.

"அப்ப மார்க்கு கூடத்தான குடுக்கணும்?"

"அதுக்குக் கொழந்தை தெரியாதுங்க. பிரேக்கு மட்டுந்தான் தெரியும்."

"யார்னா மனுசங்ககிட்ட சொல்றதுதான?"

"போன் பண்ணேன். மிஷின்தான் பேசுது. ஒண்ண அழுத்து, ரெண்ட அழுத்துன்னுது. கொழந்தைக்கு எதை அழுத்தறதுன்னு சொல்லல."

அரக்கோணம் நெருங்கியது. அவர் குழம்பிய முகத்துடன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்கும் யார்னா குறுக்க வந்தா இன்னா பண்ணுவ?"

கேள்வி புரியாதவள்போல அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா பாவா இப்படிக் கேக்கறீங்க? பிரேக்தான் போடுவேன்."