இறக்கை காயும் வரை

மழைக்காலத்தில் இறக்கைக்குக் காகிதம் ஒட்டக் கூடாது, சார். பழகியவர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். எனக்கும் தெரியும். ஆனால் பெங்களூரில் ஜூலை போனால் ஆகஸ்ட், அதுவும் மழை. இதற்கு மேல் காத்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

நான் செய்தது எஞ்சின் இல்லாமல் பறக்கும் ஒரு பழைய பயிற்சி கிளைடரின் சின்ன மாதிரி. சிக்கல் இல்லாதது. உடம்புக்கு ஒரு மரச்சட்டம், மேலே நீளமாக ஓர் இறக்கை, பின்னால் வால், ஓட்டுபவன் காலை நீட்டி உட்கார ஒரு பலகை. இருபது வயதில் நிஜமான ஒன்றில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அப்போதே அது பழசு. நிச்சயதார்த்தம் ஆன வாரத்தில் பியாட்ரிஸ், "இனிமே அதுல ஏற மாட்டேன்னு குழந்தை இயேசு மேல சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன். கடைசி வரை காப்பாற்றினேன். சத்தியம் ஏறுவதற்குத்தான், செய்து பார்ப்பதற்கு இல்லை.

கொஞ்ச காலமாக அவளுக்கு நுரையீரல் சரியில்லை. படுக்கைதான். டாக்டர் ஒன்றும் மறைக்கவில்லை. இனித் தேறாது, இருக்கிற மூச்சைப் பார்த்துக்கொள்ளுங்கள், புகை, தூசி, பெயின்ட் வாடை எதுவும் ஆகாது என்றார். தலையாட்டினேன். குளிப்பாட்டினேன், கஞ்சி ஊட்டினேன். விவேக் நகரில் யாரைக் கேட்டாலும் தியோடர் மாதிரி புருஷன் கிடைக்க மாட்டான் என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும்.

இறக்கைக்கான பால்சா என்கிற லேசான மரத்தைப் படுக்கையறையில்தான் தேய்த்தேன். அவளைத் தனியே விட முடியாதே. தூசி பறந்தது, இருமினாள். ஈஜிபுராவிலிருந்து வேலைக்கு வரும் தனக்கோடி, "இந்தத் தூசு அம்மாக்கு ஆவாது சார்" என்றாள். மறுநாள் முதல் அவளைக் காலையோடு அனுப்பிவிட்டேன்.

ஒட்டிய காகிதத்தின்மேல் டோப் பூச வேண்டும். நகப்பாலிஷ் வாடை அடிக்கும் ஒரு வார்னிஷ் அது. தின்னர் கலந்து இரண்டு கோட்டு பூசினால் காகிதம் இழுத்துக்கொண்டு விறைப்பாகும். ஈரக்காற்று பட்டால் வெளுத்துப்போகும். ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்தால் இறக்கை முறுக்கிக்கொள்ளும், அப்புறம் பறக்காது. அதனால் படுக்கையறை ஜன்னல்களைச் சாத்தினேன். கதவுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தேன்.

அன்று வியாழக்கிழமை. குழந்தை இயேசு கோவிலில் நவநாள், தெரு முழுக்கக் கூட்டம், மைக்கில் பாட்டு. முதல் கோட்டிலேயே அவளுக்கு இழுக்க ஆரம்பித்தது.

"என்னங்க, ஜன்னலத் தெறங்களேன். மூச்சு முட்டுது."

"இரும்மா, இன்னொரு கோட்டுதான்."

நம்பினாள். நான் சொல்வதை அவள் எப்போதும் நம்புவாள். இரண்டாவது கோட்டின்போது கட்டில் சட்டத்தைக் கையால் தட்டினாள். நான் வாலுக்கும் பூசிவிடலாம் என்று பூசினேன். கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றது. காகிதம் மேளத்தோல் மாதிரி விறைத்திருந்தது. விரலால் சுண்டிப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

மகள் பிரிஸில்லாவிடம், ஹாலில் வேலையாக இருந்தேன், மைக் சத்தத்தில் அம்மா கூப்பிட்டது காதில் விழவில்லை என்று சொன்னேன். அவள் அம்மாவின் தலையணையை எடுத்து மோந்து பார்த்தாள். அப்புறம்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தாள். கெட்டிக்காரப் பெண்.

மழை, ஈரம், டோப் என்று நான் இதுவரை சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டது வேறு. இதையெல்லாம் நிஜமாகவே ஹாலில் வைத்துச் செய்திருக்க முடியாதா என்று கேட்டீர்கள். முடியும், சார். அங்கே பெரிய மேஜை இருக்கிறது. ஜன்னலும் ஒன்றே ஒன்றுதான், சாத்துவது சுலபம்.

ஆனால் பியாட்ரிஸ் அங்கே இல்லையே.