ஒரு கேலன் தூரம்

— இந்தக் காலத்துல எவன நம்புறதுங்கிறேன்? எண்ணெய் ஊத்துறவன் கைய நம்ப முடியல, நிறுத்துப் போடுறவன் தராச நம்ப முடியல. அப்பல்லாம் எஸ்டேட்டுல லயத்து வீட்டுக் கதவத் தொறந்து போட்டுட்டு ரப்பர் மரம் சீவப் போவோம். இப்ப வண்டி டாங்கிக்கே பூட்டுப் போட வேண்டியிருக்கு.

— ஊர்க்கதை பிறகு, பத்துமலை. முதல்ல இறங்கிப் பாரும். எஞ்சின் நிண்டுபோச்சு. டின்னில ஒரு சொட்டும் இல்லை.

— டின்னு ஓட்டையா இருக்கும், ஞானசேகரம் ஐயா.

— ஓட்டையோ? டின்னைக் கொண்டுவந்தது நீர். ஒரு கேலன் டீசலை அளந்து ஊத்தினது நீர். மூடிக்குத் துணி சுத்திக் கயிறு கட்டினதும் நீர். முடிச்சு கட்டினபடியே கிடக்கு, தொட்டுப் பாரும்.

— டாங்கிய விட்டுட்டு இந்த டின்னுல இருந்து குழாய எஞ்சினுக்கு மாட்டுனது நீங்கதான? அரசாங்க வொர்க்ஷாப்புல முப்பது வருசம் இருந்தவரு. உள்ள என்ன வேல பண்ணி வச்சீங்களோ, எவன் கண்டான்.

— அப்பா! நேத்தும் இதே டின்னு, இதே குழாயி, இதே ஒரு கேலன். நேத்து எதுவரைக்கும் போனோம்? சொல்லுங்க.

— ஏன் நவமணி, உனக்குத் தெரியாதா? நீயுந்தான நடுவுல குந்தியிருந்த.

— ஒங்க வாயால சொல்லுங்கலா.

— கோலகங்சாரு. மணிக்கூண்டுக்குக் கொஞ்சம் முன்ன நின்னுச்சு.

— இன்னைக்கு?

— இன்னைக்கு எதுத்த காத்து.

— இன்னைக்கு சுங்கை சிப்புட்டே இன்னும் வரலப்பா. அந்தா, போர்டு தெரியிது பாருங்க. பாதித் தூரம்.

— வண்டி அதே வண்டி. ஓட்டுனவனும் நாந்தான். அப்ப எப்படிக் கொறையும்? அதுல என்னமோ இருக்கு.

— இருக்கு. உமக்குப் பின்னாலதான் இருக்கு. திரும்பிப் பாரும். ட்ரெய்லர். நேத்து வெறும் பிக்கப். இண்டைக்குப் பின்னால ஒரு ட்ரெய்லர் நிறையப் பச்சைக் கட்டை.

— அட, அதுக்கு எஞ்சினே கெடையாதே ஐயா! ரெண்டு டயரு, நாலு பலகை. வாயே இல்லாதது எப்படி எண்ணெய் குடிக்கும்?

— உம்மட தோளில ஒரு அரிசி மூட்டையை ஏத்திவிட்டால் மூட்டையோ சோறு கேக்கும்? நீர்தான் ரெண்டு கோப்பை கூடச் சாப்பிடுவீர்.

— மூட்டை வேற, வண்டி வேற.

— ஒண்டுதான் காணும். கட்டையைக் கூரைக்கு மேலால அடுக்கியிருக்கிறீர், காத்து முழுக்க நெஞ்சில அடிக்குது. ட்ரெய்லர் டயர் ரெண்டும் சப்பையாக் கிடக்கு. நாலாம் கியருக்குப் போகவே இல்லை, நானும் பாத்துக்கொண்டுதான் வந்தனான். டீசல் பாதியாத்தான் ஓடும். முந்தி எங்கட சீஃப் என்ஜினியரே இதில பிழைவிட்டவர்.

— அவரு வெள்ளக்காரன். அவனுக்கென்ன தெரியும்.

— அப்பா, சிரிப்புக் காட்டாதீங்க. ட்ரெய்லரு எப்ப வாங்குனோம்?

— போன தீவாளிக்கு. ரெண்டு நடைய ஒரே நடையா அடிச்சா எண்ணெய் மிச்சம்னு வாங்குனேன்.

— எண்ணெய் கொறையுதுன்னு எப்ப இருந்து கத்த ஆரம்பிச்சீங்க?

— தீவாளிக்கு அப்புறந்தான்.

— இன்னைக்கு ஓட்டுனது யாரு?

— நாந்தான். எத்தன வாட்டி கேப்ப?

— அப்ப இன்னைக்கு எண்ணெயத் திருடுனது யாருப்பா?

— இன்னைக்குக் காத்துன்னு சொன்னேன்ல.

— சொல்லுங்க. என் வீட்டுக்காரரு ஓட்டுறப்ப கொறஞ்சா வழியில வித்துட்டாரு. நீங்க ஓட்டுறப்ப கொறஞ்சா எதுத்த காத்தா?

— மெதுவாப் பேசு புள்ள. சாப்பாட்டுக் கடையில நாலு பேரு உக்காந்து பாக்குறான்.

— பாக்கட்டும். அன்னைக்கு புந்தோங்குல எத்தன பேரு பாத்தாங்க? வெள்ளிக்கிழம பூச. முனியாண்டி கோயில் நெறஞ்சு கெடக்கு. கட்டுன மருமகன நடுவுல நிக்கவச்சு, சூடத்தக் கொளுத்தி, அணைடா பாப்போம்னீங்க. திருடுன கையா இருந்தா வேகும்னீங்க. அவரு ஒரு வார்த்த பேசல. உள்ளங்கைய அப்படியே வச்சு அணைச்சாரு.

— கொப்பளிச்சுச்சே! நீயும்தான பாத்த. நெருப்பு பொய் சொல்லுமா?

— நெருப்பைத் தொட்டால் ஆருக்கும் சுடும், பத்துமலை. எனக்கும் சுடும், உமக்கும் சுடும்.

— சாவியப் புடுங்குனீங்க. சட்டைப் பையத் தடவிப் பாத்தீங்க. அடுத்த நாளே அவரு பாரிட் புந்தாருக்குப் போயிட்டாரு. இப்ப நெல்லு மில்லுல மூட்ட தூக்குறாரு. பசார்ல என்னக் கண்டா பொம்பளைங்க பேச்ச நிப்பாட்டுறாங்க. திருடன் பொஞ்சாதி வர்றான்னு.

— நான் என்னம்மா சும்மாவா சந்தேகப்பட்டேன். ரத்தத்துல இருக்கும்ல. வெத ஒண்ணு போட்டா சொர ஒண்ணா மொளைக்கும்? ஒம் புருசன் சீனியோட அப்பன் பிச்சைமுத்து யாரு? எஸ்டேட்டுல ரப்பர் பால்ல தண்ணி கலந்து மாட்டுனவன்.

— அதை நீர் கண்டனீரோ?

— நான் காணாம? எனக்கு அடுத்த நெரதான் அவன் மரம் சீவுனான். ரெண்டு பேரு பாலையும் ஒரே டாங்கியில ஊத்துவோம். தண்ணி கலந்திருக்குன்னு கணக்கெழுதுற கிராணி கண்டுபுடிச்சிட்டான். ரெண்டு பேருல யாருன்னு தெரியல. கங்காணி முனியாண்டி முன்னால சூடம் கொளுத்துனான். நான் டக்குனு அணைச்சேன். பிச்சைமுத்து, செய்யாத தப்புக்கு நான் எதுக்குய்யா நெருப்பத் தொடணும்னு கையக் கட்டிக்கிட்டு நின்னுட்டான். சாயங்காலத்துக்குள்ள லயத்தக் காலி பண்ண வச்சாங்க. மழை. கைக்கொழந்த சீனி.

— தொட மாட்டன் எண்டவன் கள்ளன். தொட்ட மகனும் கள்ளன். உம்மட முனியாண்டிக்கு முன்னால ஆர்தான் தப்புறது?

— எவன் கண்டான்.

— அதுக்குத்தான்ப்பா அவரு யோசிக்காம கைய வச்சாரு. எங்கப்பா தொடலன்னுதான் பேரு கெட்டுச்சு, நானாவது தொட்டுடுறேன்னு சொன்னாரு. நான் கொப்பளத்துக்கு வெண்ண தடவுறப்ப சொன்னாரு.

— அவன் அப்படியா சொன்னான்?

— ஆமா. தெரிஞ்சுதான அந்த வீட்டுல என்னக் குடுத்தீங்க? சொந்தக்காரங்க எல்லாம் வேணாம்னாங்க. நீங்கதான் ஒத்தக் காலுல நின்னீங்க. அப்ப மட்டும் ரத்தம் நல்ல ரத்தமா?

— அது வேற கத.

— எனக்குக் கத வேணாம். முந்தாநாளு என்ன சொன்னீங்க? ட்ரெய்லரோட வண்டி கோலகங்சாரு போகாம நின்னுச்சுன்னா, ஒன்கூட பஸ்சேறி வந்து சீனிகிட்ட மன்னிப்புக் கேக்குறேன்னீங்க. ஐயா சாட்சி.

— ஓம். நான் சாட்சி. என்ர வீட்டு வாசல்ல வைச்சுச் சொன்னவர்.

— சொன்னேன். இல்லைங்கல.

— அப்ப வாங்க. ஈப்போவுல இருந்து பாரிட் புந்தார் பஸ்சு இந்தச் சடக்கு வழியாத்தான் வரும். துணிப் பையோடதான் நான் வந்திருக்கேன். வண்டிய ஐயா பாத்துக்குவாரு.

— நான் ஒரு கேலன் டீசல் வாங்கி ஊத்தி, குழாயில காத்தெடுத்து, வண்டியைக் கட்டை இறக்கிற சூளைக்குக் கொண்டுபோறன். நீர் போம் பத்துமலை. வயசுக்கு மூத்தவர் இறங்கிப் போறதில ஒரு குறையும் இல்லை.

— சீனி காலுல வேணா விழுறேன் ஐயா. அது ஒண்ணும் எனக்குப் பெரிசு இல்ல. அங்க பிச்சைமுத்து இருப்பான்ல?

— மாமாவா? அவரு வேற எங்க போவாரு. கண்ணு சரியாத் தெரியல, வாசல்லயே உக்காந்திருப்பாரு. அவரு ஒங்கள ஒரு சொல்லு சொல்ல மாட்டாருப்பா. கல்யாணத்தன்னைக்கு ஞாபகம் இல்ல? கெட்ட பேரு சொமந்தவன் மவனுக்குப் பொண்ணு குடுத்த தெய்வம்னு சொல்லி ஒங்க காலத் தொட்டாரே.

— தொட்டான்.

— நீங்ககூட கால இழுத்துக்கிட்டீங்க.

— இழுத்துக்கிட்டேன்.

— அப்புறம் என்ன? அந்தா பஸ்சு. அப்பா, கைய நீட்டுங்க. ஐயா, நிப்பாட்டச் சொல்லுங்கையா!

— நிக்குது, நிக்குது. ஏறுங்கோ ரெண்டு பேரும்.

— நீ ஏறு நவமணி.

— அப்பா! எங்க நடக்குறீங்க? பஸ்சு இந்தப் பக்கம்!

— எண்ணெய் வாங்கப் போறேன். ஐயா ஊத்துற எண்ணெயெல்லாம் எனக்கு வேணாம். இந்த டின்னக் காட்டி என்ன நம்ப வச்சிரலாம்னு பாக்காதீங்க. எஞ்சினே இல்லாதது எண்ணெய் குடிக்குமாம். நான் நம்பல.

— டின்ன நம்ப வேணாம், ஐயாவ நம்ப வேணாம். சாமியையாவது நம்புங்களேன்! அவரு சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணாரேப்பா!

— சத்தியமா? அன்னைக்கு எஸ்டேட்டுல பால் டாங்கியில தண்ணிய ஊத்திட்டு வந்துதான் நான் சூடத்த அணைச்சேன். எங்கையில ஒரு கொப்பளம் கெளம்பல, போ.