அம்மாவின் இனிஷியல்

பழவேற்காடு போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தாயும் மகளும். மகளின் மடியில் டச்சுக் கல்லறைகளைப் பற்றிய எம்.ஏ. ப்ராஜெக்ட்.

"அம்மா, கடைசிப் பக்கத்துல உன் பேரு வருது."

"நான் இன்னா பண்ணேன்?"

"இறால் புடிச்சிட்டு வர்ற பொம்பளைங்க கல்லறை நிழல்ல உக்காருவாங்கன்னு நீதானே சொன்ன? யார் சொன்னாங்கன்னு எழுதணும்னு சார் சொல்லிட்டாரு. அப்பா இனிஷியல்தான் போட்டிருக்கேன்."



"உட்டுட்டுப் போனவன் பேரு எதுக்கு? எங்க நைனா பேரைப் போடு."

"ரேஷன் கார்டுல வேற மாதிரி இருக்கே?"

"அது அவங்க எழுதுனது. இது நான் சொன்னதாச்சே."

மகள் பேனா எடுத்து அந்த எழுத்தை அடித்துவிட்டு, மேலே வேறொன்று எழுதினாள். தாய் எட்டிப் பார்த்தாள்.

"இதுல எது நானு?"

மகள் விரல் வைத்துக் காட்டினாள்.