டாக்டர் சொன்ன ஆட்டுக்கல்

உப்பலிலிருந்து செகந்திராபாத் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“மூளை டாக்டர் எங்க வீட்டுக்காரரை மாவாட்டச் சொல்லிட்டார்” என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

“மாத்திரை குடுக்கலையா?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“ராத்திரிக்கு மாத்திரை உண்டு. காலையில நடக்கணும், மூச்சை இழுத்து விடணும். சாயங்காலம் ஆட்டுக்கல்லு. மழைக்காலம் பூரா தூங்காம, யார்கிட்டயும் பேசாம, சுவத்தையே பாத்துட்டிருந்தாரே! நான் பயந்தே போயிட்டேன். தலைக்கு மட்டும் வைத்தியம் பாத்தா போதாதாம், கையையும் சும்மா விடக்கூடாதாம்.”

“சரின்னாரா?”

“முதல்ல நக்கோ நக்கோன்னார். இப்ப ஃபாக்டரி விட்டு வந்ததும் கல்லுகிட்ட உக்காந்துடறார். அங்க இன்ஸ்பெக்ஷன்ல இருக்காரில்ல, மாவை விரல்ல தேய்ச்சுப் பாத்து, ‘இது பாஸாகாது’ன்னு மறுபடி ஆட்டறார். பக்கத்து வீட்டம்மா கூட அரிசியை ஊறவெச்சு எடுத்துட்டு வந்துடறாங்க. நேத்து, உளுந்து சரியா ஊறலைன்னு என்கிட்ட ஒரே சண்டை. எத்தனை நாள் கழிச்சு அவர் சத்தத்தைக் கேக்கறேன்! எனக்கு அழுகையே வந்துடுச்சு.”

நான் இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிப் போய்விட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

“தூக்கம்?”

“குறட்டை விடறார்.”

பக்கத்தில் இருந்தவள் சற்று யோசித்தாள்.

“எங்க வீட்டுக்காரர் நல்லாத்தான் இருக்கார், நல்லாத்தான் தூங்கறார்” என்றாள். “இருந்தாலும் அந்த டாக்டர் அட்ரஸைக் குடுங்க.”