ரதீஷோட அம்மா

நறநறன்னு கேக்குதே, அதுவா? பயப்படாத மோளே, இவன் பல்லக் கடிக்கிறான். சவரம் பண்ண மூஞ்சில சோப்பு நுரை பட்டா ஆகாது. முப்பது வயசுத் தடியன். மந்திரியப் பாக்கப் போறப்போ கரடியாட்டமாவா கூட்டிட்டுப் போறது?

நீ போலீஸ் ஸ்டேஷனுக்குப் புதுசா? பழைய ஏட்டம்மா எங்க போராட்டப் பந்தலப் பிரிக்கன்னு வந்துட்டு, இவனுக்குப் பழம் உரிச்சுக் குடுத்துட்டுப் போனா.

என்ன கேக்குறோமா? ஒரு வீடு. நாங்க கண்ண மூடினப்புறம் புத்தி வளராத இந்தப் பிள்ளைங்களக் குளிப்பாட்டி, கஞ்சி குடுத்து, பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்குற வீடு. சர்க்கார் நடத்தணும். பென்ஷன் போதாதாங்குறாங்க. பென்ஷன் வந்து முதுகு தேச்சு விடுமா?

என் பேரா? இந்தப் பந்தல்ல யாருக்கும் சொந்தப் பேர் இல்ல. சாயா ஆத்துறாளே, அவ சுனிலோட அம்மா. படுத்திருக்கிறது பிந்துவோட அம்மா. நான் ரதீஷோட அம்மா. அப்படியே எழுதிக்கோ.

சங்கத்துக் கார்டா? என் துணிப்பையில இருக்கு, நீயே எடு, என் கையெல்லாம் நுரை.

பிள்ளை பேர் ஷிஜுன்னுதான் போட்டிருக்கும். ஆமா. அவன்தான் நான் பெத்தது. போன மழைக்குக் காய்ச்சல் வந்து போயிட்டான். எத்தன நாள் செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கிறது? திரும்பி இங்கயே வந்தேன். இந்த அம்மாக்களுக்குத்தான் சங்கடம். ஷிஜுன்னு வாயெடுப்பாங்க, முழுங்கிடுவாங்க. கொஞ்ச காலம் நான் வெறும் 'இங்க பாருங்க'தான்.

இவன் அம்மா விலாசினி எனக்கு அடுத்த பாய். விஷுப் பண்டிகைக்கு மறுநாள் எழுப்பினேன், எழுந்திருக்கல. தூக்கிட்டுப் போறப்போ இவன் என் முந்தானையப் பிடிச்சான். விடவே இல்ல. சாயங்காலம் யாரோ என்ன ரதீஷோட அம்மான்னு கூப்பிட்டாங்க. நானும் திரும்பிப் பாத்துட்டேன்.

பெத்தவங்களத்தான் உள்ள விடுவீங்களாமே. அதான் உன்னப் பேச்சுல பிடிச்சு வச்சிருக்கேன். அம்மா போனப்புறம் இவனுக்கு யாருன்னு மந்திரி கேப்பார். நான் வாசல்ல நின்னா யார் பதில் சொல்றது? எனக்கும் விலாசினி வயசுதான் மோளே.

நீ யோசி. அவசரமில்ல.

தலையத் தூக்குடா மோனே. தாடைக்கடியில இன்னும் இருக்கு.