ஆடுற காலுக்கு ஒரு டாக்டர்

வலங்கைமான் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் வெள்ளைத் துண்டு போட்ட ஒரு பெரியவர் இருந்தார். பக்கத்து வரிசையில் அவர் ஊர்ப் பெண் ஒருத்தி.

"காலுக்குன்னு தனியா ஒரு டாக்டரா?" என்று அவர் கேட்டபோதுதான் நான் காது கொடுத்தேன்.

"ஆமாங்கய்யா. பிசியோதெரபி முடிச்சுட்டேன். நாட்டியம் ஆடுறவங்க பாதத்துக்குன்னே இனிமே படிக்கப் போறேன்."

"உங்கப்பன் எங்க வயல்ல நின்னு நின்னு காலெல்லாம் சேத்துப்புண்ணு. அதைப் பாக்காம ஆடுற காலைப் பாக்கப் போறியாக்கும்?"

"அப்பா காலையும் பாத்துக்கிட்டுதாங்க இருக்கேன். அது உங்க வயல்ல வந்த புண்ணுன்னு இன்னைக்குத்தான் நீங்க சொல்லிக் கேக்குறேன்."

பெரியவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"உச்சவரம்புன்னு நிலம் போச்சு. செங்கொடிக் கட்சிக்காரங்க வந்து பண்ணையாளுங்க புள்ளைங்களையும் படிக்க வச்சுட்டாங்க. படிச்சதுதான் படிச்சே, கண்ணு, இருதயம்னு படிக்கக் கூடாதா? அடுத்தவங்க காலைப் பிடிக்கிறதா ஒரு வேலை?"

"காலைப் பிடிக்கிறது எங்களுக்குப் பழக்கந்தானுங்களே. இப்ப படிச்சுட்டுப் பிடிக்கிறோம்."

பஸ் பாபநாசம் தாண்டியது. பிறகு பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

"பேத்திக்கு அடுத்த மாசம் அரங்கேற்றம். குதிகாலை ஊனவே முடியலைங்குறா. ஒரு நடை வந்து பாரேன். கொல்லைப்பக்கமா வந்தாப் போதும்."

"ஞாயித்துக்கிழமை நான் வீட்டுலதான் இருப்பேன். நீங்க எங்க தெருவுக்குக் கூட்டிட்டு வாங்கய்யா. வாசல் வழியாவே வரலாம்."

அவர் ஜன்னலுக்கு வெளியே ஓடிய நாற்றங்கால்களைப் பார்த்தார்.

"எத்தனை மணிக்கு வரட்டும்மா?" என்றார்.