மாற்று வேட்பாளர்

ஹலோ... வணக்கம், பாராளுமன்ற உறுப்பினர் வைபி வசுந்தரா சேவை மையம், பிரிக்பீல்ட்ஸ்... ஆமா, மாதவிதான் பேசுறேன்... அட, லோகன் அண்ணே! கிள்ளான்லயும் மழையா?... இங்கயும் அதே கதைதான். ரோடு முழுக்க ஜாம், ஒரு காரும் நகரல... சொல்லுங்கண்ணே, நாளைக்கு வேட்புமனு ஊர்வலத்துக்கு பேனர் எல்லாம் ரெடியா?

இருங்க, இருங்க. ஒண்ணொண்ணா கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. பெரிய பேனர்... முடிஞ்சுது, ம். தூண்ல கட்டுற சின்னது... ம். கொடி... ம், ம். கட்சிச் சின்னம் மங்கலா விழலையே? போன தடவை அப்படி ஆகி, உறுமி மேளக்காரங்க எல்லாம் வேற கட்சின்னு நெனச்சுட்டாங்க... ஆமா, சிரிங்க. திட்டு வாங்குனது நான்தானே.

என்ன சந்தேகம்?... கையா?... எந்தக் கை?... தோள் மேல இருக்குற கை... யாரு தோள் மேல அண்ணே?

என் தோளா?

போங்கண்ணே, இது வெளாடுற நேரமா லா? என் போட்டோ உங்ககிட்ட எதுக்கு இருக்கு?... பொங்கல் விழாவுல எடுத்தது... மஞ்சள் சேலை... ஆமா, அது நான்தான். பக்கத்துல வைபி நிப்பாங்க பாருங்க, அந்தக் கை அவங்களோடது... வெட்டியாச்சா? வைபியை வெட்டியாச்சு, கை மட்டும் என் தோள்ல நிக்குது... அதை அழிக்கணுமா வேணாமான்னு கேக்கத்தான் கூப்பிட்டீங்க...

அண்ணே. கம்ப்யூட்டர் முன்னாடி போய் நில்லுங்க. அதுல என்ன இருக்கோ, ஒரு வார்த்தை விடாம அப்படியே படிங்க... ம்... கட்சிப் பேரு, சரி... தொகுதிப் பேரு... நம்ம தொகுதிதான்... 'சாலோன்'... மலாய்ல வேட்பாளர், சரி... ம், அதுக்குக் கீழ?

...

மறுபடி படிங்க.

...

இல்லண்ணே. எங்கயோ தப்பு நடந்திருக்கு... வாழ்த்தா? எனக்கு எதுக்கு வாழ்த்து?

(ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, உள்ளறைப் பக்கம் திரும்பி) ஒண்ணுமில்ல வைபி! பேனர் கடை லோகன்!... ஆமா, எல்லாம் ரெடியாம்... நீங்க பேச்சைப் பாருங்க. கடையில தாப்பாவ் கட்டி வாங்கி வெச்ச சாப்பாடு அப்படியே இருக்கு, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் படிக்கலாம்ல... சரி வைபி.

(மீண்டும் போனில், தணிந்த குரலில்) அண்ணே, மெதுவா பேசுங்க. அவங்க உள்ளதான் இருக்காங்க... தெரியாது. அவங்களுக்குத் தெரியாது. எனக்கே நீங்க சொல்லித்தான் தெரியுது!... சத்தியமாண்ணே.

நான் மாற்று வேட்பாளர்தான். மாற்று. எல்லாக் கட்சியிலயும் ஒருத்தரை அப்படி வெப்பாங்க. வைபியோட மனுவை அதிகாரி தள்ளிட்டா, தொகுதி கையை விட்டுப் போயிடக் கூடாதுன்னு இன்னொரு மனு. அதுல கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான்... யாரு போடச் சொன்னாங்களா? வைபியேதான். 'வேற யாரைப் போட்டாலும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே இருக்கணும், மாதவின்னா நான் நிம்மதியா தூங்குவேன்'னு சொல்லி, அவங்களே என் பேரைக் குடுத்தாங்க.

ஆர்டர் குடுத்தது யாரு?... தலைமையகம் சரி, ஆளு யாரு?... டத்தோ கார்த்திகேசுவா? கட்சிச் செயலாளரே நேர்ல வந்தாரா?... எங்க, உங்க கடையிலயா? இப்பவா?... டீ குடிக்கப் போயிருக்காரா... அப்ப மெஷினை நிறுத்துங்க. நான் சொல்றேன், நிறுத்துங்க... லோரியில ஏத்தியாச்சா?... எவ்வளவு ஏத்தியிருந்தாலும் இறக்குங்கண்ணே... என்ன? வந்துட்டாரா? வேணாம், அவர்கிட்ட குடுக்காதீங்க, நான் முதல்ல வைபிகிட்ட... அண்ணே... லோகன் அண்ணே...

...

வணக்கம், டத்தோ.

...இல்ல டத்தோ, அவரைத் திட்டாதீங்க. நம்ம பேனரை எப்பவும் நான்தான் பாத்து ஓகே சொல்வேன். அந்தப் பழக்கத்துல கூப்பிட்டுட்டாரு... உள்ள இருக்காங்க... கேக்காது, கதவு சாத்தியிருக்கு.

ம்... சரி... ம்... சரி டத்தோ, ஆனா... ம்... ம்.

நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு பாருங்க. இன்னிக்கு ராத்திரி தலைமையகத்துல எல்லா வேட்பாளருக்கும் நியமனக் கடிதம் குடுக்குறீங்க. வைபி எப்பவும் போல வந்து முன் வரிசையில உக்காருவாங்க. இந்தத் தொகுதிக்கு என் பேரைக் கூப்பிடுவீங்க. பத்திரிகைக்காரங்க எல்லாம் இருப்பாங்க. அப்பதான் அவங்களுக்கே தெரியணும். சரியா?... நக்கல் இல்ல டத்தோ. நான் அப்படித்தான், திருப்பிச் சொல்லிப் பாத்தாதான் எனக்கு மண்டையில ஏறும்.

ஏன் டத்தோ?... அந்த அடுக்குமாடி விஷயமா? அத்தனை குடும்பத்தைக் காலி பண்ணச் சொல்லுற கம்பெனி யாரோடதுன்னு பாராளுமன்றத்துல கேட்டாங்க. கேள்விதானே கேட்டாங்க?... உங்க மச்சானோடதுன்னு அவங்க சொல்லவே இல்லையே டத்தோ... இல்ல. நீங்கதான் இப்ப சொல்றீங்க.

கத்தாதீங்க டத்தோ. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

நான் ஒண்ணு சொல்லட்டுமா? முதல் தேர்தல்ல இந்தத் தொகுதியில நிக்க உங்க ஆளு ஒருத்தரும் வரல. தோக்குற தொகுதின்னு இவங்க தலையில கட்டினீங்க. வக்கீல் வேலையை விட்டுட்டு வந்தாங்க. காலையில பாசார்ல மீன் தண்ணியில நின்னு கை குடுத்தாங்க. மூணு தவணை ஜெயிச்சுக் குடுத்தாங்க. துணையமைச்சர் ஆக்கினீங்க, அப்புறம் இறக்கினீங்க. அப்பவும் வெளிய ஒரு வார்த்தை பேசல... மரியாதையா? முன் வரிசையில உக்கார வெச்சு, அடுத்தவ பேரைக் கூப்பிடுறதா மரியாதை?

...

நானா?... இருபத்தெட்டு... ஆமா, சட்டம்தான், சாயங்கால கிளாஸ்... தெரியும் டத்தோ, இந்த வயசுல யாருக்கும் கெடைக்காதுதான்... ம்...

பொய் சொல்ல மாட்டேன். லோகன் அண்ணே என் பேரைப் படிச்சப்ப, ஒரு நொடி, ரோட்டோரம் என் முகம் தொங்குனா எப்படி இருக்கும்னு பாத்துட்டேன். இப்ப அதை நெனச்சா எனக்கே கூசுது... சிரிக்காதீங்க டத்தோ. சிரிக்கிறதுக்குச் சொல்லல.

நான் நாளைக்கு வரமாட்டேன். அவ்வளவுதான். மனு குடுக்க ஆளே இல்லாம என்ன பண்ணுவீங்க?

...

என்ன?... முன்மொழிஞ்சவர் குடுத்தா போதும்... ஆமா. அப்படித்தான். வேட்பாளர், இல்லன்னா முன்மொழிஞ்சவர், இல்லன்னா வழிமொழிஞ்சவர். நேத்து நானே படிச்சேன். படிச்சும் எனக்கு உறைக்கல... ரெண்டு பேரும் உங்க ஆளுங்க. நான் வீட்டுல படுத்துத் தூங்கினாலும் காலையில வேட்பாளர்தான்.

...அப்பாவை எதுக்கு இழுக்குறீங்க? அவர் பாட்டுக்கு கேரி தீவுல இருக்காரு... கட்சி ஆளுங்க போயிருக்காங்களா?... மாலையோடயா? இப்பவா?... வேணாம் டத்தோ. சொல்லுங்க, திரும்பி வரச் சொல்லுங்க. அவர் நம்பிடுவாரு. அந்தத் தெரு முழுக்கக் கூப்பிட்டுச் சொல்லுவாரு... எடுத்துட்டாங்களா? வீடியோவா? அழுதாரா...

...

ம். புரியுது. நான் வேணாம்னு சொன்னா, அவர்தான் அங்க தலை குனியணும். நல்லாப் புரியுது டத்தோ.

என்னது? நான் கேட்டேன்னா?... வைபிகிட்ட அப்படிச் சொல்வீங்களா? நானே உங்ககிட்ட வந்து சீட்டு கேட்டேன்னு? அவங்க நம்ப மாட்டாங்க... நம்புவாங்கதான். மனுவுல என் கையெழுத்து இருக்கு. போட்டோவுல நான் சிரிச்சுக்கிட்டு இருக்கேன்.

...

சரி டத்தோ. ராத்திரி வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. சரி... எப்பவும் போல கூட்டிட்டு வரணும். சரி... அவங்க சேலை அயர்ன் பண்ணி வெச்சாச்சு. நான்தான் பண்ணேன்... சரி, சரி.

ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா?

ஏன் ராத்திரி வரைக்கும்? இப்ப தெரிஞ்சா என்ன?... இல்ல, நீங்க அதையே திரும்பத் திரும்பச் சொல்றீங்க, அதான்... மனசு நோகும்னா? ராத்திரி நோகாதா?... இருங்க. நான் யோசிச்சுச் சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க. இப்ப தெரிஞ்சா, அவங்க கையில ஒரு சாயங்காலம் இருக்கு. புதுசா பாரம் எழுதலாம். வைப்புத்தொகை கட்டலாம். உங்க ஆளு இல்லாத ரெண்டு பேரைப் பிடிச்சு முன்மொழியச் சொல்லலாம். நாளைக்குச் சுயேச்சையா நிக்கலாம். ராத்திரி மேடையில தெரிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்குத்தானே?

...

பேச்சை மாத்தாதீங்க டத்தோ.

(உள்ளறைக் கதவு திறக்கிறது. கையில் பேச்சுத் தாளோடு வசுந்தரா வெளியே வருகிறார்.)

வைபி... இல்ல வைபி, லோகன் இல்ல. லோகன் கடையில இருந்து டத்தோ பேசுறாரு... என் முகத்துக்கு என்ன? ஒண்ணுமில்ல... இல்ல. இருக்கு. இருக்கு வைபி, இங்க வாங்க.

டத்தோ, வைபி எதிர்லதான் நிக்கிறாங்க... வேணாம்னு சொல்லாதீங்க. இதோ, ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். என்கிட்ட சொன்னதை அவங்ககிட்ட சொல்லுங்க. நாளைக்கு இந்தத் தொகுதியில வேட்பாளர் யாரு?

...

சொல்லுங்க டத்தோ.

ஹலோ?... ஹலோ? டத்தோ?

வெச்சுட்டாரு.

உக்காருங்க வைபி... இல்ல, முதல்ல உக்காருங்க. நான் வரிசையா சொல்றேன், நடுவுல நிறுத்தாதீங்க, நிறுத்தினா எனக்குக் குழம்பிடும். லோகன் கடையில... உங்க ஹேண்ட்போன் அடிக்குது. எடுக்காதீங்க. அவர்தான். எடுக்காதீங்க வைபி, நான் சொல்லி முடிச்சுடுறேன், ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்...

(வசுந்தரா கைப்பேசியைக் காதில் வைத்துக் கேட்கிறார். அவர் பார்வை மாதவியின் மேலேயே இருக்கிறது.)

நான் கேக்கல வைபி... இல்ல. அவர் சொல்றது பொய். நான் கேக்கவே இல்ல.

...

ஆமா. கையெழுத்து என்னோடதுதான்.

...

சரி. என்னை நம்ப வேணாம். திட்டுறதுன்னாலும் அப்புறம் திட்டுங்க. போனை வெச்சுட்டு பாரத்தை எடுங்க, நேரம் போகுது. நாளைக்கு நீங்க எனக்கு எதிரா நிக்கணும் வைபி.